ரூபியின் கொட்டகை

ஜானி பாஷா தம் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு நாய் என்பது மசூதித் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை, சண்டையில் நாலு உண்மை வெளியே விழும். அவர் சண்டையே போடவில்லை. மெட்ராஸிலிருந்து வந்தவர் பெட்டியை இறக்கினார், குளித்தார், தொழுதார், வைத்ததைச் சாப்பிட்டார், "போதும்" என்றார். அதோடு சரி. குர்ஷித் பேகமும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கே அவ்வளவு இருந்தால் எனக்கு எவ்வளவு இருக்கும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நாயின் பெயர் ரூபி. பெண் அல்சேஷன், போலீஸ் நாய். ஜானி பாஷா அதன் ஹேண்ட்லர், அதாவது அதை வளர்த்துப் பழக்கி வேலைக்குக் கூட்டிப்போகிற ஏட்டு. தீபத்துக்குச் சேரும் கூட்டத்தையும் அந்தக் கூட்டத்தை நம்பியே வரும் திருடர்களையும் உத்தேசித்து, ரூபியைத் திருவண்ணாமலையிலேயே வைத்திருந்தார்கள். ஒரு கார்த்திகை மாட்டுச் சந்தையில் காணாமல் போன ஜோடிக் காளைகளைத் தேடி அடி அண்ணாமலை வரைக்கும் மோப்பம் பிடித்துப் போய், வைக்கோல் போருக்குப் பின்னால் கரி பூசி நிறம் மாற்றிக் கட்டியிருந்த காளைகளின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்ட நாய் அது. நிறத்தைப் பார்த்தால்தானே ஏமாற.

போலீஸ் நாய்க்கு முதலில் சொல்லிக்கொடுப்பது மோப்பம் இல்லை, மறுப்பு. எவன் எதைப் போட்டாலும் தின்னக்கூடாது. திருடன் விஷம் தடவிக் கறித்துண்டு போடுவான், அதற்காக. தன் ஹேண்ட்லர் கையால் வைத்து, அவர் வாயால் உத்தரவும் கொடுத்தால்தான் அது சாப்பிட வேண்டும். மற்றவர்கள் அந்த உத்தரவை இங்கிலீஷில் வைத்திருந்தார்கள். ஜானி பாஷாவுக்கு அப்படி அமையவில்லை. குட்டியாக வந்த காலத்தில் அதன் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தம் சாப்பாட்டையும் பிரித்து உட்கார்ந்து, வழக்கம்போல "பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டுத் தம் சோற்றில் கை வைப்பார். குட்டியும் அதைக் கேட்டுத் தன் தட்டில் வாய் வைக்கும். பிறகு அதுவே உத்தரவாகிவிட்டது. யார் மாற்றப் பார்த்தும் மாறவில்லை.

"அல்லா பேரை நாய்க்கா சொல்றீங்க?" என்று குர்ஷித் பேகம் ஒருதரம் கேட்டாள். அவர்கள் வீட்டில் பேசுவது உருது, கோபம் வந்தால் மட்டும் தமிழ். இதைத் தமிழில்தான் கேட்டாள்.

"அது திங்கிற சோறு மட்டும் வேற ஆளு குடுத்ததா?" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நாயின் எச்சில் பட்ட துணியோடு தொழ முடியாது, வாய் வைத்த பாத்திரத்தில் சமைக்க முடியாது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பின்பக்கக் கிணற்றடியில் சீருடையைக் கழற்றிப் போட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவர் வீட்டுக்குள் கால் வைக்கலாம். ரூபியைக் கூட்டிவந்தால் அது கிணற்றைத் தாண்டக்கூடாது. இதைப் பற்றி அவர் டீக்கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். "நாயை வீட்டுல சேர்த்தேன்னு வையி, எங்க வீட்டுக்காரி நாயை உள்ள விட்டுட்டு என்னைக் கொண்டாந்து வெளியில கட்டிடுவா" என்பார். எதிரே உட்கார்ந்து சிரித்தது சக்கரவர்த்தி. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சக்கரவர்த்தி ரூபிக்கு இரண்டாவது ஹேண்ட்லர், ஜானி பாஷாவைவிடப் பத்து வயது இளையவன். தாய் தகப்பன் இல்லாதவன், சரோஜா என்று ஒரு தங்கை. ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் அவனுக்கென்று தனியாக எடுத்து வைக்காமல் அந்த வீட்டில் பிரியாணி அண்டாவை மூடியதில்லை. அவன் குர்ஷித் பேகத்தை "பாபி" என்பான், அவள் அவனைத் "தம்பி" என்பாள். சரோஜா தையல் கற்றுக்கொண்டதே குர்ஷித் பேகத்தின் மெஷினில்தான். ஊசி குத்தி ரத்தம் வந்தால் அந்தப் பெண் ஓடிவந்து விரலை நீட்டுவது இவளிடம்.

ஒரு வருஷம் ஜானி பாஷா மஞ்சள் காமாலை கண்டு படுக்கையில் விழுந்தார். ரூபி சக்கரவர்த்தி வைத்த தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பயந்துபோய் அவன் அதைச் சங்கிலியோடு வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்தான். எழுந்திருக்க முடியாத மனுஷன் எப்படிக் கையால் வைப்பார்? குர்ஷித் பேகம் கட்டிலண்டை ஒரு மண்சட்டியைக் கொண்டுபோய், அவரைத் தொடச் சொல்லி, அதை எடுத்துவந்து கிணற்றடியில் வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் ஈனஸ்வரத்தில் "பிஸ்மில்லா" என்றார். ரூபி சாப்பிட்டது. சாப்பிட்டுவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவள் தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அழுததை யாருக்கும் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். அந்த மண்சட்டி அதற்குப் பிறகு ரூபியின் சட்டி என்று தனியாகக் கவிழ்ந்திருந்தது.

உடம்பு தேறியதும் ஜானி பாஷா செய்த முதல் காரியம், ரூபிக்குச் சக்கரவர்த்தியின் கையைப் பழக்கியது. இதற்கு ஒரே வழிதான் உண்டு. புது ஆளின் உள்ளங்கையில் சோற்றை வைத்து, அந்தக் கையை அடியிலிருந்து தம் கையால் தாங்கி, இரண்டு கையும் ஒரே கையாக நாயின் வாய்க்கு நீட்ட வேண்டும். கை சேர்த்துக் கொடுப்பது என்பார்கள். தினமும் அப்படிக் கொடுத்து, மெள்ளத் தம் கையை உருவிக்கொள்ள வேண்டும். "என்னை நம்புற மாதிரி இவனை நம்பு" என்று நாய்க்குச் சொல்வதற்கு அதைவிட வேறு பாஷை கிடையாது. ரூபி நம்பியது. அவர் சொன்னதால் நம்பியது.

எண்பத்து மூன்றில் ரூபிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தார்கள். ஓய்வு பெறும் நாயை வைத்துக்கொள்கிறாயா என்று முதலில் அதன் ஹேண்ட்லரைத்தான் கேட்பது வழக்கம். அவர் வீட்டில் சம்மதமா என்று ஓர் ஆள் போய்க் கேட்டுவர வேண்டும். சம்மதமில்லை என்றால் வேண்டும் என்கிற வேறு யாருக்காவது கொடுப்பார்கள். இதைச் சொன்ன அன்று ஜானி பாஷா மனைவியிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவளேதான் ஆரம்பித்தாள். "மாமாவோட ஜட்கா கொட்டகை சும்மாதானே கிடக்குது? அதுல இருக்கட்டும். கிணத்தைத் தாண்டி உள்ள வரக்கூடாது. அவ்ளோதான்."

ஜட்கா வண்டி ஓட்டிய அவர் தகப்பனார் குதிரை கட்டிய கொட்டகை அது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா?"

"சாப்பிடுங்க" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் புதுக் குட்டி ஒன்றைப் பழக்குவதற்கு அவர் மெட்ராஸுக்குப் போனார். அங்கே இருந்த மாதங்கள் முழுக்க, குட்டியைக் கொஞ்சும்போதெல்லாம் ரூபிக்குத் துரோகம் செய்வதுபோல அவருக்கு இருந்தது. ஊருக்குப் போனதும் அதைக் கூட்டிவந்து கொட்டகையில் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொண்டார்.

புதுக் குட்டியோடு திரும்பி வந்தவர் நேரே ரூபியின் கூண்டுக்குத்தான் போனார். கூண்டு காலி. தரையைக் கழுவிக்கூட விட்டிருந்தார்கள். சக்கரவர்த்தி அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னான்.

"பாய், உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நான்தான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பாபி வேணாம்னுட்டாங்க. வேலூர்லேருந்து அவங்க அண்ணன் வந்திருந்தாராம், நாயை வீட்டுல கட்டினா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டாராம். மெட்ராஸ் ஆபீசர் ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நல்லா இருக்கும் பாய். நான் சொன்னேன்னு பாபி கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. அழுதுட்டாங்க. சங்கடப்படுவாங்க."

பொய்யைக் கட்டிய விதத்தைப் பாருங்கள். அண்ணன், வாசப்படி, அழுகை, கடைசியில் கேட்காதே என்று ஒரு பூட்டு. அந்த அண்ணன் அப்படிப் பேசக்கூடியவர்தான் என்பதையும், தம் மனைவி அண்ணனுக்குப் பயந்தவள் என்பதையும் டீக்கடையில் இவனுக்குச் சொன்னது ஜானி பாஷாவேதான். அதனால் சந்தேகம் வரவில்லை. சொன்ன சொல்லை மாற்றிவிட்டாளே, அதுவும் நான் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிட்டாளே என்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்தால், கொட்டகைக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கீற்று மாற்றியிருந்தது. பக்ரீத் ஆட்டுக்கு என்று நினைத்துக்கொண்டார். ஆட்டுக்கு இடம் இருக்கிறது, என் ரூபிக்கு இல்லை என்று வயிறு எரிந்தது. அன்றைக்கு நின்றது பேச்சு.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். திருடர்களை எல்லாம் துருவித் துருவிக் கேட்கிற போலீஸ்காரர், கட்டிய மனைவியிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை.

பதினைந்து இருபது நாள் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடித்து வந்து அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது சக்கரவர்த்தி வந்தான். உட்கார் என்று சொல்லியும் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"பாய், ரூபி சாப்பிட மாட்டேங்குது."

"மெட்ராஸ்லயா? உனக்கு யாரு சொன்னாங்க?"

"மெட்ராஸ்ல இல்ல பாய். கீழ்பென்னாத்தூர்ல இருக்குது. ஆதிமூலம் ஐயா மல்லாட்டை மில்லுல."

அவருக்கு முதலில் புரியவில்லை. கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம் என்றால் கடலை உடைக்கிற மில்லின் முதலாளி. அவர் மகனுக்குத்தான் சரோஜாவைப் பேசியிருந்தார்கள்.

சக்கரவர்த்தி தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். சம்பந்தம் பேசும்போது ஆதிமூலம், உங்க காளை பிடிச்ச நாய்க்கு ரிடயர்மென்ட்டாமே, மில் காவலுக்குக் கிடைக்குமா என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். வசதியில்லாத பெண்ணை எடுக்கிற வீடு, கேட்டதை எப்படி இல்லை என்பது? நாயை மில்லில் கட்டியாகிவிட்டது. ஆரம்பத்தில் தினமும் பஸ் பிடித்துப் போய் அவனே சோறு வைத்திருக்கிறான். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். வாட்ச்மேன் சின்னசாமி கையிலிருந்து அது ஒரு பருக்கை எடுக்கவில்லை. இப்போது சக்கரவர்த்தி கையிலிருந்தும் எடுக்கமாட்டேன் என்கிறது. நாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கே கட்டிப்போட்டுவிட்டுப் போகிறவன் இவன்தான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"பிஸ்மில்லா சொல்லிப் பாத்தியா?"

"எல்லாரும் சொல்லிட்டோம் பாய். சின்னசாமி சொன்னான், ஆதிமூலம் ஐயாவே விபூதியும் அதுவுமா எதிர்ல உட்கார்ந்து சொன்னாரு. தலையைத் திருப்பிக்குது."

வேறு சமயமாக இருந்தால் ஜானி பாஷா சிரித்திருப்பார். "அவ அண்ணன் மட்டும் வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தது மனைவியை நினைத்து.

உள் அறையின் திரைச்சீலை விலகியது. குர்ஷித் பேகம் நின்றாள்.

"எந்த அண்ணன்?"

அவள் சக்கரவர்த்தியின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க வந்து கேட்டீங்க. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேணும், நாளைக்கே அனுப்புங்கன்னு நான் சொன்னேன். ஆளையும் நீங்கதான் அனுப்பினீங்க. அடுத்த வாரம் வந்து, கவர்மென்ட்லயே வெச்சுக்கறாங்களாம், பாய்க்குத் தெரியும், அவரே மனசு உடைஞ்சு இருக்காரு, அந்தப் பேச்சை எடுக்காதீங்கன்னு சொன்னீங்க. நான் எடுக்கல. எங்க அண்ணன் இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆவுது."

எல்லாம் தமிழில். குரல் உயரவே இல்லை. ஜானி பாஷாவுக்கு இப்போதுதான் புரிந்தது. கொட்டகைச் சுண்ணாம்பு ஆட்டுக்கு இல்லை. இத்தனை நாளாக வைத்த சோற்றுக்கு "போதும்" என்று மட்டும் சொல்லிவந்ததை நினைத்தால் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் எதிரே நிற்கிறான். அவனை அடிக்கக் கை ஓங்கினால், நீ உன் மனைவிக்குச் செய்தது என்ன என்று அந்தக் கையே கேட்கும்.

"எங்க வீட்டுல நாய் சேர்க்க மாட்டாங்கன்னு ஆபீசர் கிட்டயும் நீதான் சொன்னியா?" என்றார்.

"நீங்க டீக்கடையில சொல்வீங்களே பாய், உங்களை வெளியில கட்டிடுவாங்கன்னு. அதைத்தான் சொன்னேன். அவரும் சிரிச்சுட்டு, அப்போ வேற ஆளுக்குக் குடுத்துடலாம்னுட்டாரு."

"இன்னாத்துக்கு இப்போ வந்த?"

"ஒரே ஒரு தடவை வந்து சின்னசாமிக்குக் கை சேர்த்துக் குடுத்துட்டுப் போங்க பாய். நாய் செத்துதுன்னா, நிச்சயம் பண்ண வீட்டுல உயிர் போச்சு, அபசகுனம்னு சொல்லுவாங்க. கல்யாணம் அடுத்த மாசம்."

"நான் வந்து நாயைக் கேட்டேன்னா?"

சக்கரவர்த்தி முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். "குடுத்துடுவாரு பாய். ஆதிமூலம் ஐயா பிறத்தியார் பொருளைத் தொடாதவரு. நீங்க ஆசைப்பட்ட நாய்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே அவுத்துக் குடுத்துடுவாரு. பொய் சொல்லித் திருடிக் குடுத்தவன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்னும் சொல்லிடுவாரு. சரோஜாவுக்கு எதுவும் தெரியாது பாய்."

"சொல்லத்தான் போறேன்" என்றார் ஜானி பாஷா.

குர்ஷித் பேகம் உள்ளே போய்ப் புர்காவை மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். எலும்புச் சாறு ஊற்றிப் பிசைந்த சோறு. இன்னொரு கையில், துணியில் சுற்றிய அந்த மண்சட்டி.

பஸ்ஸில் மூவரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து போனார்கள்.

மில்லில் அறுவடைக் காலத்து மும்முரம். கடலைத் தொலி மலையாகக் குவிந்திருந்தது. தூசி மூட்டமாக எழும்பிக் கூரையிலும் சாக்கிலும் ஆட்களின் புருவத்திலும் படிந்திருந்தது. கேட்டில் 'போலீஸ் நாய் உள்ளது, ஜாக்கிரதை' என்று புதுப் பலகை. அந்தப் போலீஸ் நாய் எடை மேடைக்குப் பக்கத்தில் சங்கிலியில் கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. மோப்பமே தொழிலாக இருந்த மூக்கின் மேல் மாவு மாதிரித் தூசி அப்பியிருந்தது. ஜானி பாஷா கேட்டைத் தாண்டி வந்தும் அதற்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துகொள்ளும்.

"ரூபி" என்றார்.

அது எழுந்த வேகத்தில் பின்னங்கால் மடங்கி விழுந்தது. மறுபடி எழுந்தது. சங்கிலி இழுக்க இழுக்க அவர் மார்பில் இரண்டு காலையும் வைத்து, கழுத்து, காது, சட்டைப்பை என்று ஒவ்வோரிடமாக முகர்ந்து பார்த்தது. புதுக் குட்டியின் வாசனை உடம்பில் இருந்திருக்கும். அதையும் முகர்ந்துவிட்டு அவர் கையை நக்கியது. அவர் வெட்கமில்லாமல் அழுதார்.

ஆதிமூலம் வெள்ளை வேட்டியும் நெற்றியில் விபூதியுமாக வந்து கும்பிட்டார். கனத்த உடம்பு, அதட்டாத குரல். கூடவே அவர் மனைவி ஜோதியம்மாள். வந்தவள் நேரே குர்ஷித் பேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அந்த அக்காவா? எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு வாயைத் தொறந்தா உங்க பேச்சுதான். என் ரவிக்கையை அவளே தெச்சுக் குடுத்தா பாருங்க. எனக்குப் பொண்ணு இல்லீங்க. அதைப் பேசி முடிச்சதுலேருந்து பொண்ணு இல்லைன்ற குறையே போயிடிச்சு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துடணும் நீங்க."

குர்ஷித் பேகம் ரவிக்கையின் கைத்தையலைப் பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்த தையல், அவள் சொல்லிக்கொடுத்தபடியே நெருக்கமாக.

ஆதிமூலம் ஜானி பாஷாவிடம் சொன்னார். "உங்களுக்குக் கஷ்டம் குடுத்துட்டோம் ஏட்டையா. நீங்க ஏங்கிப் போயிருக்கறதைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்குது. உங்களுக்கு ஆசை இருந்து, இதுல ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா சொல்லிடுங்க. எனக்கு வேணாம்." பிறகு குர்ஷித் பேகத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க வீட்டுல மார்க்கப்படி நாய் ஆவாது, நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு சக்கரவர்த்தி சொன்னாப்ல. அது நிஜந்தானே?"

சக்கரவர்த்தி எடை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜானி பாஷா வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"ஆமாங்க" என்றாள் குர்ஷித் பேகம். "நான்தான் வேணாம்னு சொன்னேன். எங்க வீட்டுல ஆவாது."

இத்தனை நாளும் அவள் சொன்னதாக நினைத்து அவர் உள்ளுக்குள் கருவிக்கொண்டிருந்தாரே, அதே வார்த்தை. இப்போது அவர் காது கேட்க, கண் பார்க்க, அவள் வாயாலேயே. இல்லை, பொய் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்நியர் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். சொல்லாததைச் சொன்னாள் என்று வீட்டுக்குள் வைத்து ஒருதரம் ஆக்கியது போதாதா? அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆதிமூலம் நிம்மதியாகத் தலையாட்டினார். சின்னசாமியைக் கூப்பிட்டார். சின்னசாமி கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன்போலத் தரையில் உட்கார்ந்தான். குர்ஷித் பேகம் மண்சட்டியைத் துணியிலிருந்து பிரித்து வைத்து, தூக்கிலிருந்து சோற்றை அதில் போட்டாள். சட்டியின் வாசனைக்கே ரூபியின் காது நிமிர்ந்தது.

ஜானி பாஷா ஒரு பிடி எடுத்துச் சின்னசாமியின் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கையை அடியிலிருந்து தம் கையால் தாங்கினார். சாக்குத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை அது. கெட்ட ஆள் இல்லை. நாயை நன்றாகப் பார்த்துக்கொள்வான். இரண்டு கையையும் ஒன்றாக நீட்டினார். ரூபி சோற்றைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது. சக்கரவர்த்தியின் கையை இப்படித்தான் அவர் தாங்கியிருந்தார். அன்றைக்கும் அது இப்படித்தான் ஒருமுறை பார்த்துவிட்டு, நீ சொன்னால் சரி என்று நம்பியது.

"பிஸ்மில்லா" என்றார்.

ரூபி சாப்பிட்டது. பசி தாங்காமல் விரல் இடுக்கெல்லாம் நக்கிச் சாப்பிட்டது. அடுத்த பிடி, அதற்கடுத்த பிடி. பாதியில் அவர் தம் கையை மெள்ள உருவிக்கொண்டார். அது கவனித்தது. ஒரு கணம் நிறுத்தியது. "பிஸ்மில்லா" என்று சின்னசாமியைச் சொல்லச் சொல்லித் தாமும் கூடவே சொன்னார். அது சாப்பிட்டது. சாதாரணமாக ஒரு வாரம் பிடிக்கிற வேலை, ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. அவ்வளவு பசி, அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆதிமூலம் எல்லாருக்கும் காப்பி வரவழைத்தார். சக்கரவர்த்தி குடித்தான். ஜானி பாஷாவும் குர்ஷித் பேகமும் நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்கள். மண்சட்டியை அவள் எடுக்கவில்லை.

அவர் எழுந்ததும் ரூபியும் எழுந்தது. வீட்டுக்குப் போவதற்கு அது எப்போதும் நிற்கிற மாதிரி, அவர் இடது காலை ஒட்டி வந்து நின்றது. சங்கிலி இழுத்தது. அது திரும்பிச் சங்கிலியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. இதை அவிழ்க்க மறந்துவிட்டாயே என்பதுபோல வாலை ஆட்டியது.

"ரூபி, ஸ்டே" என்றார்.

உடனே உட்கார்ந்தது. கேட்டைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டே என்று சொன்னவர் திரும்பி வந்து, தலையில் தட்டி "சபாஷ்" சொல்லும்வரை அது அசையாது. சந்தைக் கூட்டத்தில் வெயிலில் விட்டுப்போனபோதும் அசைந்ததில்லை. அவரும் ஒருநாளும் திரும்பி வராமல் இருந்ததில்லை.

பஸ்ஸில் இந்தமுறை குர்ஷித் பேகம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சக்கரவர்த்தி மில்லிலேயே நின்றுவிட்டான், கல்யாண வேலை பேச. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். நாயைக் கொடுத்து வாங்கின சம்பந்தமும் குரைக்காது போலிருக்கிறது. சோமாசிபாடி தாண்டியதும் மலை கண்ணுக்கு நேராக வந்தது. அப்போதுதான் அவர் உருதுவில் மெதுவாகக் கேட்டார், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"சொன்னேன்னுதானே இத்தினி நாளு என்னோட பேசாம இருந்தீங்க? சொல்லாததுக்கே தண்டனை அனுபவிச்சாச்சு. இனிமே சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா."

வீட்டில் போய்ச் சுண்ணாம்பு மணம் மாறாத அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் இருவரும் கிணற்றடிக்குப் போக வேண்டும். அவர் தம் கையைப் பார்த்தார். ரூபி நக்கிய ஈரம் காய்ந்து, கடலைத் தூசி ஒட்டியிருந்தது. சின்னசாமிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் "சபாஷ்" என்கிற வார்த்தையைச் சொல்லிக்கொடுக்காமல் வந்துவிட்டார். மில்லில் இந்நேரம் ஆட்கள் கலைந்திருப்பார்கள். ரூபி கேட்டைப் பார்த்தபடி, அவர் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.